கரந்தைக்கும் ஒரு பூ உண்டு

போரைப் பகுத்துப் பார்த்த நம் இலக்கணிகள் அடித்தவனுக்கு ஒரு பூவும் திருப்பி அடித்தவனுக்கு வேறொரு பூவும் கொடுத்தார்கள். ஆநிரை கவர்ந்தவன் வெட்சி சூடினான். அதை மீட்கப் புறப்பட்டவன் கரந்தை சூடினான். மண்ணாசையால் படையெடுத்தவனுக்கு வஞ்சி, எதிரூன்றி நின்றவனுக்குக் காஞ்சி. மதிலை வளைத்தவனுக்கு உழிஞை, உள்ளிருந்து காத்தவனுக்கு நொச்சி. இருவரும் களம் குறித்து நேருக்கு நேர் மோதும்போது மட்டும் இருபுறமும் ஒரே தும்பை. புறப்பொருள் வெண்பாமாலை இவற்றைத் தனித்தனிப் படலங்களாகவே வைத்தது. தொல்காப்பியம் இந்த அளவுக்குப் போகவில்லை. கரந்தையை வெட்சிக்குள் அடக்கிற்று. காஞ்சி அங்கே நிலையாமை பேசும் திணை. இவ்வேறுபாடு குறித்து உரையாசிரியர்கள் தொடங்கி இன்றைய ஆய்வாளர்கள் வரை எழுதிக் குவித்துவிட்டார்கள். அதற்குள் நாம் நுழையவில்லை. எதிரடி என்பது முதலடியின் எச்சம் அன்று, தனக்கெனப் பூவும் பெயரும் துறைகளும் உடைய தனிச்செயல் என்று ஒரு மரபு கருதியது என்பதே நமக்கு வேண்டியது.

இந்தப் பழைய பாடத்தை இப்போது எடுப்பதற்குக் காரணம் ஒரு விளையாட்டு. நம் மாணவர் சிலர் விடுதி அறையில் மேசையைச் சுற்றி அமர்ந்து பகடை உருட்டி ஆடுகிறார்கள். ஒருவர் கதை நடத்துகிறார்; மற்றவர் ஆளுக்கொரு கதைமாந்தரை ஏற்கிறார்கள். குகைக்குள் போகிறார்கள், பூதத்தோடு மோதுகிறார்கள், செத்தும் போகிறார்கள். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவ்வகை ஆட்டங்களின் தாய். தாயக்கட்டை உருட்டிய வீடுகளில் பிறந்தவர்களுக்கு இது புரியாத வித்தையன்று. காய்க்குப் பதிலாக ஒரு மனிதன் நகர்கிறான், வெட்டுப்பட்டால் வருத்தம் சற்றுக் கூடுதல், அவ்வளவே.

அம்மாணவர்கள் தமிழில் இப்படியோர் ஆட்டம் செய்ய முனைந்து, விதித்தாள் ஒன்றைக் கொண்டுவந்து, "பெயரெல்லாம் சரியா இருக்கான்னு மட்டும் பாத்துக் குடுங்கய்யா" என்று நம்மிடம் தந்தார்கள். பெயர்களில் குறையில்லை. வீரன், பாணன், கொற்றவை, நடுகல், தும்பை என்று பக்கத்துக்குப் பக்கம் புறநானூற்று வாசம். ஆனால் பெயரை நீக்கிவிட்டு விதியை மட்டும் படித்தால் அது ஆங்கில நூலின் ஐந்தாம் பதிப்பு. சட்டை மட்டும் வேட்டியாகியிருந்தது. அதிலும் கைகலப்பில் நிற்கும் வீரன் எப்போது, எப்படித் திருப்பி அடிக்கலாம் என்னும் பகுதியில் நம் மரபுக்கும் அந்த விதிக்கும் உள்ள தொலைவு மிகப் பெரிது. அதைப் பற்றியே இந்தப் பதிவு.

முதலில் அந்த விதியைச் சொல்லிவிடுவோம். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் ஒரு சுற்று என்பது 6 நொடி. அந்த ஆறு நொடிக்குள் எல்லோருக்கும் ஒவ்வொரு முறை வருகிறது. தன் முறை வரும்போது வீரன் நகர்வான், அடிப்பான். பிறர் முறையில் அவன் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று. அதற்கு 'ரியாக்‌ஷன்' என்று பெயர், எதிர்வினை எனலாம். சுற்றுக்கு ஓர் எதிர்வினைதான். எதிரி தன் கைக்கெட்டும் எல்லையை விட்டு அசட்டையாக விலகினால் அவனை ஓர் அடி அடிக்கலாம். போர்க்கலை பயின்ற வீரன் என்னும் வகையைத் தேர்ந்தவருக்கு மேலும் சில உத்திகள் உண்டு. அவற்றில் 'பாரி' என்பது பட்ட அடியின் வேகத்தைக் குறைப்பது. (கடையெழு வள்ளல்களில் ஒருவரை நினைத்துக்கொள்ள வேண்டாம், நாமும் முதலில் அப்படித்தான் படித்தோம்.) 'ரிப்போஸ்ட்' என்பது எதிரியின் அடி தவறினால் உடனே திருப்பி அடிப்பது.

இந்த எல்லைக்குள் ஆடுபவர்களுக்கும் ஒரு சூட்சுமம் உண்டு. விதித்தாளைப் படித்தபோது நமக்கு மிகவும் பிடித்த இடம் அது. மேற்சொன்ன மூன்றும் அந்த ஒற்றை எதிர்வினையையே தின்கின்றன. வாயிலில் நின்று காவல் காக்கும் வீரன், முதல் எதிரியின் அடி தவறியதும் ஆசைப்பட்டுத் திருப்பி அடித்துவிட்டால், இரண்டாமவன் அவனைக் கடந்து உள்ளே ஓடும்போது பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். பின்னால் காயம்பட்ட தோழன் இருக்கிறான் என்றால் அந்த எதிரடி வெற்றியன்று, கடமை தவறல். ஆகவே நல்ல ஆட்டக்காரர் சுற்று தொடங்குமுன்னே தமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, 'இன்று என் வேலை கொல்வதா, காப்பதா?' என்பது. கரந்தையா நொச்சியா என்று கேட்டால் தமிழ் மாணவனுக்கு இன்னும் விரைவாக விளங்கும்.

இவ்வளவு நுட்பம் உள்ள விதி மூன்று இடங்களில் நம்மைத் தடுமாற வைக்கிறது.

ஒன்று, தடுப்பும் எதிரடியும் அங்கே ஒன்றையொன்று விலக்குகின்றன. அடி பட்டால்தான் 'பாரி', படாவிட்டால்தான் 'ரிப்போஸ்ட்'; இரண்டுக்கும் சேர்த்து ஒரே எதிர்வினை. அதாவது, தடுத்தவன் அடிக்க முடியாது, அடிப்பவன் தடுத்தவனாக இருக்க முடியாது. கம்பு பிடித்த எவரிடமும் இதைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்.

பழனிக்கு மேற்கே, மலையடிவாரத்தில், பாலாறு பொருந்தலாறு அணையை அடுத்துள்ளது நம் பாலசமுத்திரம். திண்டுக்கல் சீமையின் பழைய பாளையங்களில் ஒன்று. 1801-இன் இறுதியில் கம்பெனி அரசு தென்பாளையங்களின் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களைப் பறிக்கவும் ஆணையிட்டது. வாளும் வேலும் போன சீமையில் மாட்டுக்காரன் கைக்கோலை யார் பறிக்க முடியும்? கம்பு இந்தப் பக்கத்து ஊர்களில் இவ்வளவு ஆழமாக வேரோடியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது நம் ஊகம். ஊகம்தான், ஆனால் கோயில் திருவிழாவில் சாமி புறப்பாட்டுக்கு முன்னால் சலாம் வரிசை எடுத்து ஆடும் கிழவர்களின் கால்களைப் பார்க்கும்போது அந்த ஊகம் வலுப்படுகிறது. கைகளை அன்று, கால்களை. சிலம்பத்தில் கம்பைக் கையில் கொடுப்பதற்கு முன் காலடி சொல்லிக் கொடுப்பார்கள். நாற்புறமும் திரும்பித் திரும்பி அடி வைத்து வீசுவதற்கு வீடு கட்டுதல் என்று பெயர். திரைப்படத்தில் ஒருவன் பத்துப் பேரைப் புரட்டினால் 'வீடு கட்டி அடிக்கிறான்' என்று இளைஞர்கள் சொல்கிறார்களே, அந்த வழக்கு இங்கிருந்து போனது.

சிலம்பக் கம்பு ஆளின் நெற்றி மட்டத்துக்கு நிற்கும். அதற்கு இரண்டு முனை உண்டு என்பதை நூல் படிப்பவர்கள் மறந்துவிடுகிறோம். தலைக்கு வரும் வீச்சை ஒரு முனை மேலே ஏந்தும்போதே மறுமுனை கீழிருந்து எதிரியின் விலாவுக்கோ முழங்காலுக்கோ போய்க்கொண்டிருக்கிறது. தடுப்பு முடிந்து எதிரடி தொடங்கும் கணம் என்று தனியாக ஒன்று அங்கே இல்லை. ஒரே சுழற்சியின் மேற்பாதி தடுப்பு, கீழ்ப்பாதி அடி. இன்னொன்றும் உண்டு. வரும் கம்பை ஏந்தாமலே ஓரடி பின்வைத்து அதை வெறுங்காற்றில் போகவிட்டு, வீசி முடித்த அந்தக் கையின் மணிக்கட்டில் ஒரு தட்டு. உடம்பை அடிப்பதை விட அருகில் நீண்டு வந்துவிட்ட கையை அடிப்பது எளிது. எதிரி உங்களை நோக்கி முதலில் அனுப்புவது தன் கையைத்தானே.

பின்வாங்குதல் தோல்வியன்று என்பதை வள்ளுவர் காலமறிதலில் ஆட்டுக்கடாவை வைத்துச் சொல்லிவிட்டார். முட்டப்போகும் கடா பின்னே போகும். கிடாமுட்டு பார்த்த நம் பக்கத்து ஆள்களுக்கு அந்த உவமைக்கு உரை வேண்டியதில்லை. சிலம்பக்காரன் பின்வைக்கும் அடியும் அதே வகைதான். ஆனால் அவன் கடாவைவிட ஒருபடி மேல். கடா பின்போவது தன் வேகத்துக்காக. இவன் பின்போவது எதிரியின் வேகத்தை வீணாக்குவதற்காக.

இரண்டாவது தடுமாற்றம் கம்பின் விலை. ஆங்கில நூலின் ஆயுதப் பட்டியலில் நெடுங்கம்புக்கு 2 வெள்ளிக்காசு. எவரும் எடுத்தாளக்கூடிய எளிய ஆயுதம். ஒரு கையால் அடித்தால் ஆறுமுகப் பகடை, இரு கையால் எட்டுமுகப் பகடை. நீள்வாளுக்கு 15 பொற்காசு. விலை குறைவு என்பதில் நமக்கு வருத்தமில்லை, மூங்கில் மலிவுதான். நமக்கு உறுத்துவது எட்டும் தொலைவு. அந்நூலில் கம்பு எட்டுவது 5 அடி, குத்துவாள் எட்டுவதும் அதே 5 அடி. நெற்றி மட்டக் கம்புக்கும் ஒரு சாண் கத்திக்கும் ஒரே தொலைவு என்றால் அங்கே எதிரடிக் கலையே இல்லாமற்போகிறது. ஏனெனில் எதிரடி என்பது தொலைவை வைத்து ஆடும் சூது. நீண்ட ஆயுதக்காரன் தன் முனையின் எல்லையில் எதிரியை நிறுத்த வேண்டும். குட்டை ஆயுதக்காரன் ஓர் அடியைத் தாண்டி உள்ளே புகுந்துவிட வேண்டும். புகுந்துவிட்டால் நீளமே சுமை. நம் மாணவர்களின் விதித்தாளில் 'சிலம்பம்' என்ற தலைப்பின் கீழ் இதே எண்கள் அப்படியே வந்து உட்கார்ந்திருந்தன. மற்ற ஆயுதங்களுக்கெல்லாம் முன்னதாகக் கற்பிக்கப்படும் ஒன்றை, பட்டியலின் அடியில் கிடக்கும் மலிவுச் சரக்காக நம் பிள்ளைகளே எழுதித் தருவதைப் படிக்க மனம் ஒப்பவில்லை. 2024 சனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாகச் சேர்க்கப்பட்டது. மேடை கிடைத்துவிட்டது. கற்பனையில் இடம் கிடைத்ததா என்பதுதான் கேள்வி. அதைத் தீர்மானிப்பவை இப்படிப்பட்ட விதித்தாள்கள்.

மூன்றாவது சற்றுக் கடுமையானது. விலகிப்போகும் எதிரியை அடிக்கலாம் என்னும் விதியை மூன்றாம் பதிப்பு 2000-ஆம் ஆண்டில் ஒழுங்குபடுத்தி நிலைநிறுத்தியது. அது தந்திரம் என்ற அளவில் நியாயமே; கைகலப்பில் முதுகைத் திருப்புவது மடத்தனம் என்று ஆட்டக்காரருக்குக் கற்பிக்கிறது. ஆனால் புறப்பொருள் வெண்பாமாலையில் தழிஞ்சி என்றொரு துறை இருக்கிறது. அழிந்து புறங்காட்டுபவர் மேல் படை ஓச்சாத மறப்பண்பைச் சொல்வது அது. ஆங்கில ஆட்டத்தில் சுற்றுக்குச் சுற்று இலவசமாகக் கிடைக்கும் அந்த அடியும், நம் நூலில் வீரன் அடிக்காமல் விட்டதற்காகப் பாடப்பெறும் அந்த அடியும் ஒன்றே. அறத்துக்கு உறுதிமொழி எடுத்த பாத்திரங்கள்கூட அங்கே யோசிக்காமல் முதுகில் அடிக்கின்றன; விதி தருகிறது, வாங்கிக்கொள்கின்றன. தமிழ் ஆட்டம் என்று பெயர் வைத்துவிட்டு இதை அப்படியே வைத்துக்கொள்ள முடியுமா?

மாணவர் தரப்பு நியாயத்தையும் சொல்ல வேண்டும். அவர்களில் ஒருவர் கேட்டார்: "எதிரடிக்கு எதிரடி, அதுக்கு ஓர் எதிரடின்னு போனா ஒரு சண்டை முடிய ராத்திரி ஆயிடுமேய்யா?" சரியான கேள்வி. நால்வர் சேர்ந்து ஆடும் மேசையில் இருவர் மட்டும் முடிவில்லாமல் மோதிக்கொண்டிருக்க, மற்ற இருவர் கைப்பேசியை எடுத்துவிடுவார்கள். சுற்றுக்கு ஓர் எதிர்வினை என்ற வரம்பு அந்தத் தொல்லையை நிறுத்தவே வந்தது. அதை வகுத்தவர்கள் விவரம் அறியாதவர்கள் அல்லர். வாள்மோதலின் உண்மையைத் தேடியவர்கள் அந்நாட்டிலும் உண்டு. நடுக்கால ஜெர்மனியில் லிக்டனவர் மரபு வாளாசிரியர்கள் முன், பின், அக்கணம் என்று மூன்று காலம் வகுத்தார்கள். எதிரியின் செயல் நடந்துகொண்டிருக்கும்போதே செய்யும் 'அக்கணம்' தான் அவர்களுக்கும் கலையின் உச்சம். நம் சிலம்ப வாத்தியார்களுக்கு அந்த ஆசிரியர்களோடு பேச மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டிருக்காது. 2002-இல் ஜேக் நார்வுட் வெளியிட்ட 'தி ரிடில் ஆஃப் ஸ்டீல்' என்னும் ஆட்டம் அந்த உணர்வை விதியாக்கிக் காட்டியது. அதில் ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு குவியல் பகடை. தாக்க எத்தனை, காக்க எத்தனை என்று அவனே பங்கிட வேண்டும். தாக்குதலில் கொட்டிவிட்டால் காக்க மிச்சமிருக்காது. காத்தவன் வென்றால் முனைப்பு அவன் கைக்கு மாறும்.

நம் கருத்து இந்தப் பக்கமே சாய்கிறது. எதிரடி எதிரியின் பகடை தவறியதற்குக் கிடைக்கும் பரிசாக இருக்கக்கூடாது. முன்கூட்டியே விலை கொடுத்து வாங்கியதாக இருக்க வேண்டும். அந்த விலை விட்டுக்கொடுத்த நிலமாகவோ, அடக்கி வைத்த கையாகவோ, தெரிந்தே திறந்து காட்டிய தலையாகவோ இருக்கலாம். விலை இல்லாத எதிரடியில் ஆட்டக்காரர் எதையும் தீர்மானிப்பதில்லை. தீர்மானிக்காத இடத்தில் வீரம் எங்கிருந்து வரும்?

இந்தச் சீமையிலேயே அதற்கொரு பெரிய உதாரணம் உண்டு. 1772-இல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதரை இழந்த வேலு நாச்சியார், உடனே திரும்பிப் பாயவில்லை. திண்டுக்கல்லை ஒட்டிய விருப்பாட்சிப் பாளையத்தில் தங்கி, ஐதர் அலியின் உதவியைப் பெற்று, 1780-இல் சிவகங்கையை மீட்டார். எட்டாண்டு நீண்ட ஒரு பின்னடி அது. மனிதர் கைச்சண்டையில் அரை நொடியில் நடப்பதும் இதுவேதான். அளவு மட்டுமே வேறு.

ஆகவே மாணவர்களிடம் பகடையைச் சிறிது நேரம் ஓரமாக வைக்கச் சொன்னோம். புளியங்கொட்டை எடுங்கள் என்றோம். ஒற்றையா இரட்டையா ஆடாத பிள்ளை இந்தப் பக்கம் கிடையாது. மூடிய கைக்குள் எத்தனை இருக்கும் என்று எதிரியின் முகத்தைப் பார்த்து ஊகிக்கும் ஆட்டம் அது. சண்டையும் அப்படித்தான். ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு சுற்றுக்கு ஆறு கொட்டை. அவற்றுக்கு மூச்சு என்று பெயர் வைத்தோம். தாக்குபவன் வலக்கையில் தாக்குதலுக்கும் இடக்கையில் காப்புக்கும் பங்கிட்டு மூடுகிறான். தாக்கப்படுபவனும் அதேபோல் இடக்கையில் காப்பு, வலக்கையில் எதிரடிக்கான மிச்சம் என்று மூடுகிறான். இருவரும் ஒன்றாகக் கை திறக்க வேண்டும். தாக்குதல் காப்பைவிடக் கூடுதலாக இருந்தால் கூடுதல் அளவு காயம், அத்தோடு சரி, எதிரடி இல்லை. காப்பு நின்றுவிட்டால், காப்பில் மிஞ்சியதும் வலக்கை மிச்சமும் சேர்ந்து எதிரடியாகத் தாக்கியவனின் இடக்கைக் காப்பின்மேல் இறங்கும். அத்தோடு அந்த மோதல் முடிந்தது. எதிரடிக்கு எதிரடி கிடையாது. ராத்திரி ஆகாது.

பின்வாங்குவதற்கு ஒரு விதி சேர்த்தோம். கை திறந்த பின், தாக்கப்பட்டவன் விரும்பினால் ஒரு கட்டம் பின்னே போகலாம். போனால் காப்புக்கு இரண்டு கூடும். ஆனால் அந்தக் கட்டம் எதிரிக்குச் சொந்தம். பின்னே சுவரோ கிணறோ தோழனோ இருந்தால் பின்வாங்க இடமில்லை.

எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். வெறிகொண்ட எதிரி தாக்குதலுக்கு ஐந்து, காப்புக்கு ஒன்று வைத்தான். நம்மவன் காப்புக்கு நான்கு, மிச்சம் இரண்டு. நின்ற இடத்திலேயே நின்றால் ஐந்து நான்கை மீறும். ஒரு காயம் பட்டு எதிரடியும் போய்விடும். ஒரு கட்டம் பின்வைத்தால் காப்பு ஆறாகும். ஐந்தைத் தாங்கி ஒன்று மிஞ்சும். வலக்கை இரண்டோடு சேர்ந்து மூன்றாகி எதிரியின் ஒற்றைக் காப்பின்மேல் இறங்கும், இரண்டு காயம். எதிரி பேராசைப்படாமல் மூன்றும் மூன்றுமாக வைத்திருந்தால்? அதே பின்னடியில் காப்பில் மூன்று மிஞ்சும். வலக்கை இரண்டோடு ஐந்து. அவன் காப்பு மூன்று. மறுபடியும் இரண்டு காயம். நிதானமானவனுக்கும் பேராசைக்காரனுக்கும் ஒரே தண்டனை என்பதை முதல் ஆட்டத்திலேயே கண்டுபிடித்த மாணவி, "பின்னாடி போறது ரொம்ப லாபமா இருக்கேய்யா" என்றார். அதன் பிறகு ஒரு வரி சேர்த்தோம்: பின்வைத்தவனின் எதிரடி, எதிரி தாக்குதலுக்கு வைத்த எண்ணைத் தாண்டக்கூடாது. இப்போது மூன்று வைத்தவன்மேல் மூன்றுக்கு மேல் இறங்காது, அவன் காப்பு மூன்று, தப்பினான். ஐந்து வைத்தவன் தப்பவில்லை. எதிரியின் வேகமே எதிரடியின் வேகம் என்று வாத்தியார்கள் வாயால் சொல்வது எண்ணில் வந்துவிட்டது. அம்மாணவி கணிதத்துறையைச் சேர்ந்தவர் என்பதைத் தமிழ்த்துறை சார்பில் சற்றுப் பொறாமையோடு பதிகிறோம்.

ஆயுத நீளத்துக்கும் இதிலேயே இடம் கிடைத்தது. கம்புக்காரனை நெருங்க விரும்பும் கத்திக்காரன் ஒரு மூச்சைக் கழித்துக்கொண்டுதான் புக முடியும். புகுந்தபின், அல்லது குறுகிய சந்தில், கம்புக்காரனுக்கு ஆறில்லை, நான்கே. வீட்டுக்குள் கம்பு சுற்றினால் என்னாகும் என்பது ஓடு மாற்றியவர்களுக்குத் தெரியும்.

பலர் சூழும்போது எதிரடி உத்தி பயன்படாது என்பதையும் விதி தானாகவே காட்டிவிடுகிறது. மூவர் தாக்கினால் அந்த ஆறு மூச்சை மூன்றாகப் பிரிக்க வேண்டும்; எவருக்கும் திருப்பிக் கொடுக்க மிச்சமிருக்காது. அப்போது இரண்டே வழி. ஒன்று, நகர்ந்துகொண்டே இருந்து ஒருநேரத்தில் ஒருவன் மட்டுமே எட்டும்படி வைத்துக்கொள்வது. வீடு கட்டும் காலடி அதற்குத்தான். மற்றது, நகரவே மாட்டேன் என்று நிற்பது. தும்பையில் எருமைமறம் என்றொரு துறை உண்டு: தன் படை பின்னிட்டு ஓட, ஒருவன் மட்டும் திரும்பி நின்று வரும் படையைத் தாங்குவது. நடுவழியில் நின்றுவிட்ட எருமையை அசைக்க முயன்றவர்களுக்கு அந்தப் பெயரின் பொருத்தம் தெரியும். இதற்கென்று தனிவிதி எழுதினோம். எருமைமறம் அறிவித்தவன் அந்தச் சுற்றில் பின்வாங்க முடியாது, யாரையும் துரத்தவும் முடியாது. ஆனால் அவனைக் கடந்து போக நினைக்கும் ஒவ்வொருவனும் ஒரு மூச்சை அவன் முன்னால் வைத்துவிட்டே போக வேண்டும். அந்த மூச்சு எருமைக்குச் சேரும். பத்துப் பேர் கடக்க முயன்றால் அவன் கை நிறையும். விதியாகப் பார்த்தால் சிறிது. ஆட்டத்தில் இதை முதன்முதலாக ஒரு மாணவர் அறிவித்தபோது மேசையில் பேச்சு நின்றுவிட்டது. அந்தப் பாத்திரம் பிழைக்கவில்லை. மற்ற மூவரும் பிழைத்தார்கள்.

ஒரு துறையை மட்டும் விதியாக்க முடியாமல் விட்டுவிட்டோம். தன் மார்பில் தைத்த வேலைப் பறித்து அதையே எதிரிமேல் எறிவது. வெண்பாமாலை இதை நூழிலாட்டு என்கிறது. படைச்செருக்கில் வரும் வீரன் கைவேலை யானைமேல் எறிந்துவிட்டு வேறு வேலுக்குத் தேடுகையில் தன் உடம்பில் ஒன்று இருப்பதைக் கண்டு மகிழ்கிறானே, அவனும் அந்த வழியினன். காயமே ஆயுதமாகிறது. இதற்கு மூச்சுக் கணக்கு போட்டுப் பார்த்தோம்; போட்டதும் அது சிறுத்துப்போயிற்று. ஆட்டத்துக்கு ஒருமுறை, கதை நடத்துபவரின் அனுமதியோடு, என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறோம்.

பூக்களைப் பற்றி. கரந்தை வீரனுக்கு ஒரு பூ அட்டை உண்டு. அது கையில் உள்ளவரை அவனுக்கு ஆறன்று, ஏழு மூச்சு. புறங்காட்டுபவனை அடித்தால் பூ போய்விடும். அடிக்கத் தடையில்லை, தழிஞ்சியைத் துறக்க நினைப்பவர் துறக்கலாம், விலையோடு. இந்த விதியின் மேல்தான் இரண்டு வாரமாகச் சண்டை. கரந்தையின் தொழிலே ஆநிரையோடு ஓடுபவனைத் துரத்திப் பிடிப்பதுதானே, அவன் முதுகைத்தானே காட்டிக்கொண்டு ஓடுகிறான், அவனை அடித்தால் பூ போகுமா என்பது கேள்வி. மலைக்குத் தெற்கே, தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த தமிழி நடுகல்லில் 'ஆகோள்' என்ற சொல் பொறித்திருக்கிறது. பிற்கால நடுகற்கள் பலவற்றில், தொறு மீட்டுப் பட்டவர்களின் பெயர்கள் உள்ளன. தொறு என்றால் ஆநிரை. பட்டான் என்றால் செத்தான். அவர்கள் நேருக்கு நேர் நின்று பட்டார்களா, துரத்தி ஓடி, திரும்பியவனின் எதிரடியில் பட்டார்களா என்று கல் சொல்வதில்லை. வெட்சியானும் ஓடிக்கொண்டே திரும்பி அடிப்பவன்தான்.

மாணவர்கள் நம் தீர்ப்பைக் கேட்டார்கள். நிரையை ஓட்டிக்கொண்டு போகிறவன் புறங்காட்டுபவன் அல்லன். அவன் தன் தாக்குதலை இன்னும் முடிக்கவில்லை. அவனை எத்திசையிலிருந்து அடித்தாலும் கரந்தைப் பூ கைவிட்டுப் போகாது. அவன் மாடுகளை விட்டுவிட்டு விலகிய கணம் முதல் தழிஞ்சி வந்துவிடுகிறது. மாடு ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு ஓடினால் என்ன செய்வது என்று அந்தக் கணித மாணவி கேட்டிருக்கிறார். வரும் ஞாயிறு மறுபடி உட்காருகிறோம்.